உணவுப் பாதையின் இறுதித் துவாரம்: பிராணிகளில் அதன் அமைப்பும் பரிணாமமும்

பிராணிகளின் உடலமைப்பைக் கற்பிக்கும் நூல்களில் வாய், பல், இரைப்பை, சிறுகுடல் ஆகியவற்றிற்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதே உணவுப் பாதையின் மறுமுனையில் உள்ள துவாரத்தைப் பற்றியோ ஓரிரு வரிகளே காணப்படும். கூச்சத்தின் காரணமாக வகுப்பறையிலும் இப்பகுதி விரைவில் கடந்து செல்லப்படுகிறது. ஆயினும், பிறந்த கன்று சில நாட்களில் மடிவதும் பிழைப்பதும் சில வேளைகளில் இவ்வொரு துவாரத்தைப் பொறுத்தே அமைகின்றன. பிராணிகளின் பரிணாம வரலாற்றிலும் இது பெரியதொரு திருப்பத்தைக் குறிக்கிறது.

இத்துவாரத்தை எருவாய், மலவாய், ஆசனவாய் எனப் பல பெயர்களால் வழங்குவர். எல்லாப் பிராணிகளுக்கும் பொருந்துமாறு எருவாய் என்னும் சொல்லே இக்கட்டுரையில் கையாளப்படுகிறது.

ஒரே வாயுடைய பை

எல்லாப் பிராணிகளுக்கும் எருவாய் உண்டு என்று கருதுவது தவறு. கடற்பஞ்சுகளுக்குக் குடலே இல்லை. குளத்து நீரில் வாழும் ஹைட்ராவின் உடல் ஒரு பை போன்றது. இரை உட்செல்வதும் சக்கை வெளியேறுவதும் ஒரே வாயின் வழியாகத்தான். சொறிமீன்களுக்கும் கடற்சாமந்திகளுக்கும் இதுவே பொருந்தும்.

தட்டைப்புழுக்களுள் பெரும்பாலானவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. கால்நடை ஊழியர்கள் நன்கறிந்த கல்லீரல் தட்டைப்புழு இதற்குத் தக்க உதாரணமாகும். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் பித்தநாளங்களில் வாழும் இப்புழுவின் குடல் மரக்கிளைபோல் உடலெங்கும் பிரிந்து செல்கிறது. ஆனால் ஒவ்வொரு கிளையும் முட்டுச்சந்துபோல் முடிந்துவிடுகிறது. ஆகவே ஜீரணமாகாத எச்சத்தைப் புழு தன் வாய்வழியே மீண்டும் உமிழ்கிறது. அவ்வாறு உமிழப்படும் பொருள்கள் பித்தநீருடன் கலந்து மாட்டின் சாணத்தை அடைகின்றன. சாணத்தில் புழுவின் முட்டை தென்படுவதற்கு முன்னரே நோயைக் கண்டறிய உதவும் சில சோதனைகள், இவ்வாறு வெளிப்படும் புரதங்களைத் தேடுவனவே. புழுவுக்கு எருவாய் இல்லாமை நோயறிதலுக்கே துணை செய்கிறது எனலாம்.

நாடாப்புழுவின் நிலை இதனினும் வேறு. அதற்கு வாயுமில்லை, குடலுமில்லை. தான் தங்கியுள்ள குடலில் ஏற்கெனவே ஜீரணமான உணவை அது தன் மேற்றோலால் உறிஞ்சிக்கொள்கிறது. குடலே இல்லாதபோது எருவாய்க்கு வேலையில்லை.

இருமுனைக் குழாயின் நன்மைகள்

பை போன்ற குடலில் புதிய உணவும் பழைய சக்கையும் ஒன்றாகக் கலந்துவிடும். முன்னுண்டதன் எச்சத்தை உமிழும்வரை மறுமுறை தாராளமாக உண்ணவும் இயலாது. இருமுனைகளும் திறந்த குழாயில் இத்தடை நீங்குகிறது. உணவு ஒரே திசையில் செல்வதால் பாதையின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு தொழிலுக்கென அமைய முடிகிறது. ஓரிடத்தில் அரைத்தல், ஓரிடத்தில் அமிலத்தால் கரைத்தல், பிறிதோரிடத்தில் சத்தை உறிஞ்சுதல், இறுதியில் நீரை மீட்டல் என வேலை பிரிகிறது. ஓயாமல் மண்ணை விழுங்கிக்கொண்டே செல்லும் மண்புழுவும், நாள் முழுதும் மேயும் பசுவும் இத்தகைய பாதையின்றி வாழ்தல் அரிது.

இவ்வமைப்பு மிகப் பழமையானது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிடைத்த, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட குழாய் வடிவப் புதைபடிவங்களினுள் நீண்ட குடலின் தடம் காணப்படுவதாக 2020-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இருமுனைக் குடலுக்குரிய மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்றாகும்.

எருவாய் எவ்வாறு தோன்றியது?

கருவின் தொடக்க நிலையில், உயிரணுக்களாலான சிறு பந்து ஓரிடத்தில் உட்குழிந்து, இரு படைகளையுடைய கிண்ணம்போல் ஆகிறது. அக்குழியின் திறப்பு கருத்துளை எனப்படும். 1908-இல் கார்ல் குரோபன் என்னும் ஆஸ்திரிய விலங்கியலறிஞர் இதனைக்கொண்டு பிராணிகளை இரு பெரும் பிரிவுகளாக வகுத்தார். கருத்துளை வாயாக மாறுவன முதல்வாயிகள். பூச்சி, நத்தை, மண்புழு முதலியன இப்பிரிவின. கருத்துளையோ அதனை அடுத்த இடமோ எருவாயாகி, வாய் பின்னர்ப் புதிதாகத் தோன்றுவன மறுவாயிகள். நட்சத்திரமீனும் முதுகெலும்புள்ள பிராணிகள் யாவும் இப்பிரிவைச் சேர்ந்தவை.

பாடநூல்கள் இவ்விதியை எளிய சூத்திரமாகக் கூறுகின்றன. இயற்கையோ அவ்வளவு நேராக நடப்பதில்லை. முதல்வாயிகளுள் வைக்கப்பட்டுள்ள பிரியாபுலஸ் என்னும் கடற்புழுவில், கருத்துளை இருந்த பக்கத்தில் எருவாயே தோன்றுவதாக 2012-இல் கண்டறியப்பட்டது. ஆகவே இன்று இவ்விரு பெயர்களும் உறவுமுறைக் குழுக்களின் பெயர்களாகவே நிலைத்துள்ளன. கருத்துளையின் கதி குழுவுக்குக் குழு மாறக்கூடும் என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

எருவாயின் பிறப்பைப் பற்றி வேறு இரு கருத்துகள் உண்டு. நீண்ட கருத்துளையின் நடுப்பகுதி பக்கவாட்டில் மூடிக்கொள்ள, ஒரு முனை வாயாகவும் மறுமுனை எருவாயாகவும் ஒரே காலத்தில் எஞ்சின என்பது ஒன்று. பை போன்ற குடலில் எருவாய் பின்னர்த் தனியே திறந்தது என்பது மற்றொன்று. 2008-இல் ஹெய்னால், மார்ட்டின்டேல் ஆகிய இருவர், எருவாயற்ற ஏசீல் என்னும் சிறு கடற்புழுவை ஆராய்ந்தனர். பிற பிராணிகளின் வாய்ப்பகுதியில் செயற்படும் ஜீன்கள் அப்புழுவின் வாயிலும் செயற்பட்டன. பின்குடலுக்குரிய ஜீன்களோ, குடலுடன் தொடர்பில்லாத ஆண் இனப்பெருக்கத் துவாரத்தின் அருகே செயற்பட்டன. பின்னர் இதனை ஒத்த செய்தி செனோடர்பெல்லா என்னும் கடற்புழுவிலும் காணப்பட்டது. விந்து வெளிவரும் துவாரம் குடலின் முட்டுச்சந்துடன் இணைந்து எருவாயாயிற்றோ என்னும் கருத்து இவற்றினின்று எழுந்தது. இஃது இன்னும் முடிந்த முடிபன்று, விவாதம் தொடர்கிறது.

சீப்புச்சொறி எனத்தக்க கடற்பிராணிகளின் செய்தி இவ்விவாதத்தை மேலும் சிக்கலாக்குகிறது. இவை வாய்வழியே சக்கையை உமிழ்வன என்று நெடுங்காலம் பலரும் கருதிவந்தனர். இவற்றுள் நீமியாப்சிஸ் என்பதில், வாய்க்கு எதிர்முனையிலுள்ள நுண்துளைகளின் வழியே கழிவு வெளியேறுவதை 2016-இல் ஆராய்ச்சியாளர் தெளிவாகக் காட்டினர். 2019-இல் சிட்னி டாம் என்பவர் வெளியிட்ட ஆய்வு இதனினும் வியப்பானது. அப்பிராணியில் நிலையான எருவாய் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குடற்சுவர் பருத்து வெளித்தோலைத் தொட, அங்கே ஒரு துளை திறக்கிறது. கழிவு வெளிவந்ததும் துளை மறைந்துவிடுகிறது. எருவாய் உயிர்க்குலத்தில் ஒருமுறை மட்டும் தோன்றியதன்று, பன்முறை தனித்தனியே தோன்றியிருக்கலாம் என்னும் எண்ணத்திற்கு இது வலுவூட்டுகிறது.

இடம் மாறிய எருவாய்கள்

எருவாய் உடலின் பின்முனையில்தான் இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. நத்தையின் வளர்ச்சியில் அதன் உள்ளுறுப்புகள் ஏறத்தாழ அரைவட்டம் முறுக்கிக்கொள்வதால் எருவாய் முன்பக்கமாக, தலைக்கு அண்மையில் வந்துவிடுகிறது. ஓட்டுக்குள் வாழும் பிராணிக்கு ஓட்டின் ஒரே வாயிலருகே கழிவு வெளியேறுவது இன்றியமையாததே. கடல்முள்ளெலியில் வாய் அடிப்பக்கத்திலும் எருவாய் உச்சியிலும் உள்ளன. நட்சத்திரமீனுக்கும் எருவாய் மேற்பக்கத்திலேயே அமைந்துள்ளது. அவற்றின் உறவினமாகிய நொறுங்கு நட்சத்திரங்களுக்கோ எருவாயே இல்லை. அவற்றின் மூதாதைகளுக்கு எருவாய் இருந்தமையால், இஃது இடையில் இழக்கப்பட்டதாகும். பெற்றதை இழப்பதும் பரிணாமமே.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் காணப்படும் கடல் அட்டை, எருவாயைச் சுவாசத்திற்கும் பயன்படுத்துகிறது. அது தன் பின்முனைத் துவாரத்தின் வழியே கடல்நீரை உள்ளிழுத்து, உடலினுள் மரக்கிளைபோல் பிரிந்த சுவாசக் குழாய்களில் நிரப்பிப் பின் வெளியேற்றுகிறது. முத்துமீன் எனப்படும் சிறு மீன்கள் சில இத்துவாரத்தின் வழியே நுழைந்து கடல் அட்டையினுள் குடியிருப்பதும் உண்டு. இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டுள்ளமையால், வகுப்பறை மாதிரிக்காக இவற்றைப் பிடித்தல் குற்றமாகும்.

பூச்சிகளின் பின்குடல்

வறண்ட நிலத்தில் வாழும் பூச்சிகளுக்கு நீரே பெருஞ்செல்வம். அவற்றின் மலக்குடலில் தடித்த திண்டுகள் போன்ற உறுப்புகள் உள்ளன. எச்சம் எருவாயை அடையுமுன் அதிலுள்ள நீரையும் உப்புகளையும் அவை உறிஞ்சி உடலுக்கு மீட்டுத் தருகின்றன. நெல், சோளம் முதலியவற்றைச் சேமித்த கிடங்கிலுள்ள வண்டுகள் குடிநீரின்றிப் பல தலைமுறைகள் பெருகுவதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணமாகும். தட்டான் பூச்சியின் நீர்வாழ் இளம்பருவம் தன் மலக்குடலினுள்ளேயே செவுள்களைக் கொண்டுள்ளது. ஆபத்து நேரின் உள்ளிருக்கும் நீரை எருவாய்வழியே வேகமாகப் பீச்சி, அவ்விசையால் முன்னோக்கிப் பாய்கிறது.

சில பூச்சிகளில் பாதை குறித்த காலம்வரை அடைபட்டிருக்கும். தேனீயின் புழுப்பருவத்தில் நடுக்குடல் பின்குடலுடன் திறந்த தொடர்பு கொள்வதில்லை. உண்ணும் பருவம் முடிந்த பின்னரே வழி திறந்து, சேர்ந்திருந்த கழிவு வெளியேறுகிறது. இதனால் புழு வளரும் அறையில் உணவும் கழிவும் கலப்பதில்லை. மணலில் கூம்புக்குழி பறித்து எறும்பைப் பிடிக்கும் குழியானையை அறியாத கிராமத்துச் சிறுவர் இலர். இதன் நடுக்குடலும் முட்டுச்சந்தாகவே முடிகிறது. ஜீரண எச்சம் முழுவதும் இளம்பருவக் காலமெல்லாம் உடலுக்குள்ளேயே சேர்ந்திருந்து, இறகு முளைத்த பூச்சி வெளிவந்த பின்னரே கழிக்கப்படுகிறது. ஆயினும் குழியானையின் எருவாய் பயனற்றதன்று. கூட்டுப்புழு ஆவதற்கு வேண்டிய பட்டிழையை அது எருவாயின் வழியாகவே நூற்கிறது.

மனிதனின் முகத்து மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணிக்கு எருவாய் இல்லை என்று பல நூல்கள் கூறிவந்தன. அதற்கு எருவாய் உண்டு என 2022-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. 'இல்லை' என்று எழுதுவதற்குமுன் நன்கு நோக்கவேண்டும் என்பதே இதன் பாடம்.

பொதுக் கழிவாய்

முதுகெலும்புள்ள பிராணிகள் பலவற்றில் மலம், சிறுநீர், முட்டை அல்லது விந்து ஆகிய மூன்றும் ஒரே அறையில் வந்து சேர்ந்து ஒரே துவாரத்தின் வழியே வெளியேறுகின்றன. இவ்வறைக்குப் பொதுக் கழிவாய் என்று பெயர். சுறா, திருக்கை, தவளை, பல்லி, பாம்பு, ஆமை, முதலை, பறவை ஆகியவை இதனை உடையன. கெண்டை, விரால் போன்ற எலும்புமீன்களில் இவ்வமைப்பு இல்லை. எருவாய் முன்னும், இனப்பெருக்க, சிறுநீர்த் துவாரம் பின்னுமாக அமைந்துள்ளன. பல்லியிலும் பாம்பிலும் பொதுக் கழிவாயின் திறப்பு குறுக்குப் பிளவாகவும், முதலையில் நெடுக்குப் பிளவாகவும் காணப்படும்.

சிட்டகோசாரஸ் என்னும் டைனோசாரின் கழிவாயை ஆராய்ந்து 2021-இல் விவரித்தனர். சீனாவில் கிடைத்து, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரப் பொருட்காட்சிசாலையில் வைக்கப்பட்டுள்ள அப்புதைபடிவத்தில் இத்துவாரத்தைச் சுற்றிய தோலும் எஞ்சியுள்ளது. டைனோசாரின் இவ்வுறுப்பு விரிவாக அறியப்பட்டது அதுவே முதன்முறை.

கோழியின் கழிவாய் மூன்று அறைகளாலானது. முதலறையில் மலமும், நடுவறையில் சிறுநீர்க்குழல்களும் இனப்பெருக்கக் குழலும் வந்து சேர்கின்றன. மூன்றாவது அறை வெளியே திறக்கிறது. நடுவறையை அடைந்த சிறுநீர் பின்னோக்கிக் குடலுக்குள் தள்ளப்பட்டு, அங்கே நீர் மீட்கப்படுகிறது. எச்சத்தின்மேல் காணப்படும் வெண்ணிறப் பொருள் இவ்வாறு செறிவடைந்த யூரிக அமிலமே.

மூன்றாவது அறையின் முதுகுப்புறத்தில் ஒரு சிறு பை உள்ளது. பதுவா நகரத்து அறிஞர் பப்ரீஷியஸ் இதனை விவரித்த நூல் 1621-இல் வெளியாயிற்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதன் தொழில் விளங்காமலே இருந்தது. இப்பை அகற்றப்பட்ட கோழிகளில் நோயெதிர்ப்புப் பொருள்கள் செவ்வனே உண்டாவதில்லை என்பதை புரூஸ் கிளிக்கும் அவருடைய துணைவர்களும் 1956-இல் வெளியிட்டனர். நோயெதிர்ப்புப் பொருளை ஆக்கும் வெள்ளணுக்களுக்கு 'பி' அணுக்கள் என்னும் பெயர் இப்பையின் பெயரினின்றே வந்தது. கம்போரோ நோய்க் கிருமி கோழிக்குஞ்சின் இப்பையையே தாக்குகிறது. அதிலிருந்து தப்பிய குஞ்சுகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றிவிடுவதால், வெள்ளைக்கழிச்சல் முதலிய நோய்களுக்கான தடுப்பூசி அவற்றில் முழுப்பயன் அளிப்பதில்லை.

பாலூட்டிகளில் ஏற்பட்ட பிரிவு

ஆஸ்திரேலியப் பகுதியின் வாத்தலகியும் எறும்புண்ணும் முள்ளெலியும் முட்டையிடும் பாலூட்டிகள். இவற்றில் இன்றும் பொதுக் கழிவாயே உள்ளது. பெரும்பாலான பிற பாலூட்டிகளில் எருவாய் வேறு, சிறுநீர், இனப்பெருக்க வழி வேறு எனப் பிரிந்துள்ளன. எனினும் ஒவ்வொரு கருவும் தொடக்கத்தில் பொதுக் கழிவாயுடனேயே வளர்கிறது. மனிதக் கருவில் நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை ஒரு தடுப்புச்சுவர் வளர்ந்து அவ்வறையை முன்னும் பின்னுமாகப் பிரிக்கிறது. பின்னறை மலக்குடலாகிறது. அதன் முனையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு சிதைந்து எருவாய் திறக்கிறது.

இதனால் எருவாயின் மேற்பகுதி குடலின் உட்படையிலிருந்தும், கீழ்ப்பகுதி வெளித்தோலிலிருந்தும் உண்டாகின்றன. இரண்டும் சேரும் கோட்டிற்குமேல் வலியுணர்வு மிகக் குறைவு, கீழே மிகுதி. மூலநோயுள் சில வலியின்றி இரத்தம் கசிவதற்கும், சில கடுமையாக வலிப்பதற்கும் இதுவே காரணம். வாயிலைக் காப்பன இரு சுருக்குத்தசைகள். உட்டசை தானே இயங்குவது. வெளித்தசை விருப்பத்திற்கு உட்பட்டது.

தடுப்புச்சுவரோ சவ்வோ உரிய காலத்தில் உரியவாறு வளராவிடின், எருவாய் அடைபட்டோ இடம் மாறியோ குழந்தை பிறக்கும். மனிதரில் ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்றில் இக்குறை காணப்படுகிறது. கன்று, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி ஆகியவற்றிலும் இஃது உண்டு. பன்றிக்குட்டிகளில் சற்று மிகுதி.

களப்பணியாளர் கவனிக்க வேண்டுவன

புதிதாகப் பிறந்த கன்றின் மூக்கையும் கொப்பூழையும் துடைக்கும் வழக்கம் எங்கும் உள்ளது. வாலைத் தூக்கிப் பார்க்கும் வழக்கம் அவ்வளவாக இல்லை. எருவாய் அடைபட்ட கன்று முதல் நாளில் மற்றவற்றைப்போலவே எழுந்து பால் குடிக்கும். சீம்பால் குடித்த பின்னும், பிசுபிசுப்பான முதல் மலம் வெளிவராது. பின்னர் முக்குதல், வயிறு உப்புதல், பால் குடிக்க மறுத்தல் ஆகியன தோன்றும். குறி தெரியும்வரை காத்திருந்தால் கன்று சோர்ந்துவிடும். வாலைத் தூக்கி நோக்க ஒரு நிமிடமே போதும்.

வாலடியில் துவாரமின்றி, கன்று முக்கும்போது தோல் புடைத்தெழுந்தால், மலக்குடல் தோலுக்கு அண்மையில் முடிகிறது எனக் கொள்ளலாம். அத்தகைய கன்றைக் கால்நடை மருத்துவர் சிறு அறுவையால் பிழைக்க வைத்தல் கூடும். கிடாரிக் கன்றில் மலம் பெண்குறி வழியே வெளிவருவதும் இக்குறையின் ஒரு வகையே. ஊழியரோ உரிமையாளரோ கத்தியால் தாமே துளையிடுதல் கூடாது. சுருக்குத்தசை அறுபட்டால் வாழ்நாள் முழுதும் மலம் தங்காது. குடல் அங்கே இல்லாவிடின் உயிர்க்கே கேடாகும். பரம்பரைத் தொடர்பு இருக்கக்கூடுமாதலால் இவ்வாறு பிழைத்த பிராணிகளை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளாதிருத்தல் நலம்.

கோழிக்குஞ்சுகளில் எச்சம் கழிவாயில் ஒட்டி உலர்ந்து அடைத்துக்கொள்வது உண்டு. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெதுவாக ஊறவைத்து நீக்கவேண்டும். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும். பல குஞ்சுகளில் ஒருங்கே காணப்பட்டால் அது புல்லோரம் போன்ற தொற்றுநோயின் அறிகுறியாயிருக்கலாம்; மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும்.

மீன்வளத் துறையினர்க்கும் இப்பகுதி வழிகாட்டுகிறது. 1957-இல் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் பெருங்கெண்டைகளை ஊசி மருந்தால் முட்டையிடச் செய்து வெற்றி கண்டது முதல், தாய்மீன் தேர்வு முக்கியமான வேலையாயிற்று. முதிர்ந்த பெண்மீனின் வயிறு மென்மையாகவும், பின்துவாரம் உப்பிச் சிவந்தும் காணப்படும்.

பாம்பின் உடல் முடிந்து வால் தொடங்கும் இடம் கழிவாயே. கட்டுவிரியனின் வாலடிச் செதில்கள் ஒற்றை வரிசையில் அமைந்தவை. அதனை ஒத்துத் தோன்றும் நஞ்சற்ற ஓநாய்ப்பாம்பில் அவை இரட்டை வரிசை. இவ்வேறுபாட்டை உரித்த சட்டையைக்கொண்டே கற்பிக்கவேண்டும்; இறந்த பாம்பும் சிலபோது கடிக்கும் ஆதலின் அதனைக் கையாளுதல் தகாது.

வகுப்பறைக்கு

மண்புழு, நத்தை, குழியானை, கோழி, பசு ஆகிய ஐந்தும் எந்தக் கிராமத்திலும் எளிதில் கிடைக்கக்கூடியவை. இவற்றின் உணவுப் பாதையை ஐந்து கோடுகளாகக் கரும்பலகையில் வரைந்து, இறுதித் துவாரம் எங்கே, எத்தகையது என்பதை மாணவரையே குறிக்கச் செய்யலாம். மருத்துவர் இதயத்தைக் குறிப்பிடும் இயல்பான குரலிலேயே ஆசிரியரும் இப்பெயரைக் கூறுவாராயின், வகுப்பில் எழும் சிரிப்பு சில நொடிகளில் அடங்கும். அவ்வகுப்பில் அமர்ந்த சிறுவன் ஒருவன் நாளை தன் வீட்டுத் தொழுவத்தில் பிறந்த கன்றின் வாலைத் தூக்கிப் பார்ப்பானாயின் பாடம் பயன்பட்டதாகும்.

பயிற்சி வினாக்கள்

1. கல்லீரல் தட்டைப்புழு தன் கழிவை எவ்வழியே வெளியேற்றுகிறது? அது நோயறிதலுக்கு எவ்வாறு உதவுகிறது?
2. 'கருத்துளை வாயாவது முதல்வாயி' என்னும் விதிக்கு ஒரு விலக்கு கூறுக.
3. தேனீப் புழுவின் குடல் இடையில் அடைபட்டிருப்பதால் விளையும் நன்மை யாது?
4. கோழியின் கழிவாயை அடுத்த பையின் தொழில் எவ்வாறு அறியப்பட்டது?
5. பிறந்த கன்றின் வாலடியை முதல் நாளிலேயே ஏன் பார்க்கவேண்டும்? குறை கண்டால் செய்யத்தக்கதும் தகாததும் யாவை?